மாப்பிள்ளைக்கு நாலு!

மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் இதய மருத்துவர், வயது 34. "எச்-இண்டெக்ஸ் நாலு" என்று அவர் அப்பா பெருமையாகச் சொல்கிறார். நூற்றுக்கு நாலா?
– பட்டு நெசவாளர், கண்ணமங்கலம்

நூற்றுக்கு இல்லை, பயப்படாதீர்கள்! அவருடைய ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று இறங்குவரிசையில் எழுதுங்கள். 20, 9, 6, 4, 1 என்று வந்தால் எண் 4. அதாவது நான்கு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கு மேற்கோள். தறிக்கணக்கில் சொன்னால், எத்தனை சேலை நெய்தீர்கள் என்பது மட்டுமல்ல, எத்தனை டிசைனைக் கடைக்காரர் மறுபடி மறுபடி கேட்டார் என்பதும் சேர்ந்த கணக்கு. 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் போட்டது.

முழுநேரமும் நோயாளிகளைப் பார்க்கிறவருக்கு இந்த வயதில் நாலு ஒன்றும் மட்டமில்லை. டாக்டர் சமிரன் நந்தி குழுவினர் 579 இந்திய மருத்துவ நிறுவனங்களின் 2005–2014 கணக்கைப் பார்த்தார்கள். 332 இடங்களில் பத்தாண்டில் ஒரு கட்டுரைகூட வெளிவரவில்லை! முன்வரிசையில் நின்ற சிலவற்றில் உங்கள் பக்கத்து வேலூர் சி.எம்.சி.யும் உண்டு.

கைராசிக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. அதை அவரிடம் வைத்தியம் பார்த்தவர்களிடம் விசாரியுங்கள்.

பையனிடம் ஒன்று கேளுங்கள்: இனிஷியலை ஒரு கட்டுரையில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரை முழுதாக என்று போட்டிருக்கிறாரா? நம்மவர்கள் பலருக்கு இதே கதைதான். கம்ப்யூட்டர் மூன்று ஆட்கள் என்று நினைத்துக்கொள்ளும். 'ஆர்கிட்' அடையாள எண்ணை இலவசமாக வாங்கி எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்தால், முகூர்த்தத்துக்குள் நாலு ஆறாகலாம்.