தொலைபேசி நிலையத்திலிருந்து ஓபரா மேடைக்கு



ஓபரா என்றால் என்ன தெரியுமா? வசனத்தையும் பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகம். பெரிய இசைக்குழு கீழே உட்கார்ந்து வாசிக்கும். அந்தக் காலத்தில் பாடகர்கள் மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி பாடினார்கள்.

பெண் குரலை மூன்று வகையாகப் பிரிப்பார்கள்.
1. சோப்ரானோ - உச்சக் குரல்
2. மெஸ்ஸோ சோப்ரானோ - நடுக்குரல்
3. கான்ட்ரால்டோ - மிகத் தாழ்ந்த, கனமான குரல்

மூன்றாவது வகை ரொம்ப அபூர்வம். அதில் புகழ் பெற்றவர்தான் காத்லீன் ஃபெரியர்.

இளமை: இவர் 1912 ஏப்ரல் 22 அன்று இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். அவர் ஓய்வு பெறும் காலம் நெருங்கியதால் வீட்டில் பணக்கஷ்டம். அதனால் காத்லீனின் படிப்பு 14 வயதில் நின்றுபோனது. நம் வகுப்பில் இருப்பவர்களின் வயதுதான்! பிளாக்பர்ன் ஊர் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் பியானோவை மட்டும் விடவில்லை. 1928-இல் ஒரு போட்டியில் ஜெயித்து ஒரு பியானோவையே பரிசாக வாங்கினார்.

1935-இல் திருமணம். கல்யாணமான பெண்களுக்கு அங்கே வேலை கிடையாது என்று அப்போது விதி இருந்தது. அதனால் வேலையும் போனது. அதே வருடம் தொலைபேசியில் மணி சொல்லும் குரலுக்கு ஆள் எடுத்தார்கள். அதிலும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஒரு ஷில்லிங் பந்தயம்: 1937-இல் கார்லைல் நகரில் இசைப்போட்டி. காத்லீன் பியானோவுக்குப் பெயர் கொடுத்தார். "பாட்டுப் போட்டியில நீ சேரமாட்ட, ஒரு ஷில்லிங் பந்தயம்" என்றார் கணவர். காத்லீன் அதிலும் சேர்ந்தார். இரண்டிலும் முதல் பரிசு! அதற்குப் பிறகுதான் முறையாகப் பாட்டுக் கற்றார். அப்போது வயது 25-ஐத் தாண்டிவிட்டது. இரண்டாம் உலகப்போர் நடந்தபோது தொழிற்சாலைகளில்கூடப் போய்ப் பாடினார்.

இரண்டே வேடங்கள்: மேடை ஓபராவில் அவர் ஏற்றவை இரண்டே பாத்திரங்கள். ஒன்று, 1946-இல் பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்த ஓபராவில் லுக்ரீஷியா. இன்னொன்று, க்ளூக் 1762-இல் இசையமைத்த ஓபராவில் ஆர்ஃபியஸ். இறந்த மனைவியை மீட்கப் பாதாள உலகத்துக்குப் போகும் ஆண் அவன். நம் சாவித்திரி கதையைத் திருப்பிப் போட்ட மாதிரி! ஆண் வேடத்தைத் தாழ்ந்த குரல் உள்ள பெண் பாடுவது வழக்கம்.

சோதனை: 1951-இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஏப்ரலில் அறுவைசிகிச்சை செய்தார்கள். சில மாதத்திலேயே நெதர்லாந்து நாட்டு இசைவிழாவுக்குப் போய் ஆர்ஃபியஸாக நான்கு முறை பாடினார். நெதர்லாந்து மக்களுக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம்.

1953 பிப்ரவரி 6. லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கம். நோயாலும் சிகிச்சையாலும் பலவீனமாகியிருந்த இடது தொடை எலும்பு, பாடிக்கொண்டு இருக்கும்போதே உடைந்தது! பார்த்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. கடைசி வரை பாடி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதுவே அவருடைய கடைசி மேடை. 1953 அக்டோபர் 8 அன்று, 41 வயதில் காலமானார்.

அவர் பெயரில் புற்றுநோய் ஆராய்ச்சி நிதி தொடங்கினார்கள். 1956 முதல் இளம் பாடகர்களுக்கு அவர் பெயரில் பரிசும் கொடுக்கிறார்கள்.

நாம் அறிவது: எலும்பு உடைந்தாலும் பாடணும் என்பது இதில் பாடம் இல்லை. வலி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். படிப்பு நின்றது, வேலை போனது, குரல் தேர்வில் தோல்வி. இத்தனைக்குப் பிறகும் அவர் பயிற்சியை நிறுத்தவில்லை. அதுதான் பாடம். 14 வயதில் யாருடைய திறமையையும் இவ்வளவுதான் என்று அளந்துவிட முடியாது. பந்தயம் கட்டுகிறவர்கள் கட்டட்டும், நாம் பெயர் கொடுப்போம்!

விடை சொல்லுங்கள்:
1. பெண் குரலில் மிகத் தாழ்ந்த வகை எது?
2. பந்தயத் தொகை எவ்வளவு?
3. ஆர்ஃபியஸ் ஓபராவுக்கு இசையமைத்தவர் யார்?

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி