நிலம் அசையாது, நெல் அசையும்

2023 ஜூலை 26. சேத்தியாத்தோப்பை அடுத்த மேல்வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி. தரப்பின் பொக்லைன்கள் பச்சை நெல்வயலுக்குள் இறங்கின. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. நிறுவனம் சொன்னது: நிலத்தை 2006-க்கும் 2013-க்கும் இடையிலேயே கையகப்படுத்திவிட்டோம், பயிர் வைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தோம். உழவர்கள் கேட்டது: கதிர் அறுக்கும் வரை பொறுக்கக் கூடாதா? விவகாரம் உயர்நீதிமன்றம் போனது. ஆகஸ்ட் மாதம், சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

வேளாண்மை படித்துவிட்டு வேலைக்குள் நுழைகிறவர்கள் இந்த வழக்கைப் பாடம் போலப் படிக்க வேண்டும். அரசியலுக்காக அல்ல, சொற்களுக்காக. நாலு வருடப் படிப்பில் தழைச்சத்து, மணிச்சத்து எல்லாம் மனப்பாடமாகிவிடுகிறது. ‘சுவாதீனம்’ என்றால் என்ன என்று கேட்டால் பலர் முழிக்கிறார்கள். ஆனால் வயலில் தகராறு வந்தால் முதலில் கூப்பிடுவது உங்களைத்தான்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. கையகப்படுத்தும்போது வயலில் நின்ற பயிருக்குத் தனியாக இழப்பீடு உண்டு என்பது 1894-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்திலேயே (பிரிவு 23) இருக்கிறது. அதன் இடத்துக்கு வந்த 2013 சட்டத்தின் பிரிவு 28-உம் அதையே சொல்கிறது. அதற்கடுத்த பிரிவு 29, சேதமான பயிரை மதிப்பிட வேளாண்மையில் அனுபவமுள்ளவர்களை ஆட்சியர் அழைத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த அனுபவசாலி நாளை நீங்களாக இருக்கலாம்.

முதல் சொல், ‘நிலைப்பயிர்’. வயலில் நிற்கும் நெல் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா? மண்ணில் வேரூன்றி நிற்பதால் அசையாச் சொத்து என்றுதான் யாருக்கும் தோன்றும். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டமோ, வளரும் பயிரையும் புல்லையும் நிற்கும் வெட்டுமரத்தையும் அசையாச் சொத்தில் சேர்ப்பதில்லை. 1908 பதிவுச் சட்டம் இன்னும் வெளிப்படை: வளரும் பயிர் அசையும் சொத்து. நெல்லுக்குக் கால் முளைத்ததா என்று சிரிக்கலாம், ஆனால் விளைவு சிரிப்பல்ல. நிலம் யாருடையது என்பது ஒரு கேள்வி, அன்றைக்கு அதில் நின்ற பயிர் யாருடையது என்பது இன்னொரு கேள்வி. அதே 1882 சட்டத்தின் பிரிவு 108, காலம் குறிக்காத குத்தகை குத்தகைதாரர் தவறில்லாமல் முடிந்துபோனால், அவர் போட்ட பயிரை உள்ளே வந்து அறுத்துப் போகும் உரிமை அவருக்கு உண்டு என்கிறது.

வங்கியில் வேளாண் அலுவலராகப் போகிறவர்களுக்கும் இதே சொல் உதவும். பயிர் அசையும் சொத்து என்பதால்தான் பயிர்க்கடனுக்குப் பயிரை ‘ஹைப்பாதிகேஷன்’ செய்கிறார்கள். நிலத்தை எழுதி வாங்குவதுதான் அடமானம். நேர்காணலில் இரண்டையும் குழப்பினால் அங்கேயே மதிப்பெண் போய்விடும்.

இரண்டாவது, மூன்று சொற்கள் கொண்ட ஒரு முடிச்சு: உரிமை, சுவாதீனம் (நிலம் யார் கைவசம்), அனுபவம் (பலன் யாருக்கு). பத்திரத்தில் மூன்றும் ஒரே வரியில் வரும், கிராமத்தில் மூன்றும் மூன்று பேரிடம் இருக்கும். பட்டா ஒருவர் பெயரில், உழுவது இன்னொருவர். கையகப்படுத்திய நிலத்தில் அரசு சுவாதீனம் எடுக்க, நிலத்தில் போய் உட்கார வேண்டியதில்லை, முறையாக எழுதிய மகஜர் போதும் என்று 2020 மார்ச் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில், பழைய கையகப்படுத்தல் எப்போது காலாவதியாகும் என்று சொல்லும் 2013 சட்டத்தின் பிரிவு 24-இல் உள்ள ‘அல்லது’ என்ற சொல்லை ‘மற்றும்’ போலப் படிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லுக்கு நாடு முழுக்க எத்தனை ஏக்கர் காத்திருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே களத்துக்குப் போகும்போது பட்டா, சிட்டாவோடு நிற்காதீர்கள். அடங்கலைப் பாருங்கள். அதுதான் கிராமக் கணக்கு எண் 2, எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதும் பதிவு. அது பசலி ஆண்டுப்படி ஓடும், ஜூலை 1-இல் புதிதாகத் தொடங்கும். மேல்வளையமாதேவிச் சம்பவம் நடந்தபோது பசலி 1433 பிறந்து 26-ஆம் நாள். ஜூலைக்கு முன்பே நட்ட வயல் என்றால் 1432 அடங்கலையும் கேட்டு வாங்க வேண்டும். புதிய பசலியை மட்டும் பார்த்து ‘பயிர் இல்லை’ என்று எழுதிவிட்டால், இருந்த பயிர் காகிதத்தில் காணாமல் போகும். குத்தகைதாரர்களுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேடு தனியாக உண்டு. அதையும் கேளுங்கள்.

 

இனி அறிக்கை. ‘நெற்பயிர் பெருமளவில் சேதமடைந்துள்ளது’ என்று எழுதாதீர்கள். பெருமளவு என்பது எந்த அளவு? புல எண், உட்பிரிவு, ரகம், நடவு நாள், அன்றைய பருவம், பரப்பு என்று எழுதுங்கள். பருவத்தை உழவர் சொல்கிறபடி ‘தொண்டைக்கதிர்’ என்றே எழுதலாம், தூர்கட்டும் பயிருக்கும் தொண்டைக்கதிர்ப் பயிருக்கும் செலவாகியிருக்கும் தொகை வேறு. பரப்பில்தான் கவனம் வேண்டும். பட்டாவில் 0.32.0 என்று இருந்தால் அது 32 ஏர், அதாவது 79 சென்ட். ஏக்கருக்கு 40,000 வீதம் 31,600 ரூபாய். அவசரத்தில் 32 சென்ட் என்று எழுதிவிட்டால் 12,800-தான் வரும். எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஏர்’ என்று எழுதி, சென்ட்டையும் சேர்த்துப் போட்டு, கையெழுத்துக்கு முன் வரப்பில் நிற்பவரிடம் ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். தன் வயலின் அளவு அவருக்கு மனப்பாடம்.