மரத்தளபாடங்களின் பழைய வர்ணத்தைக் களைதல்

எம் முன்னோர் தேக்கு, முதிரை, வேம்பு முதலிய மரங்களாற் செய்வித்த அலுமாரிகளும் பெட்டகங்களும் சாய்மனைக் கதிரைகளும் இன்றும் எம்மூர் வீடுகள் சிலவற்றில் உள. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது இவற்றை விட்டே சென்றனர். மீண்டபோது இழந்திருந்தோர் பலர். எஞ்சியவற்றின்மேற் படைபடையாகப் பூசப்பட்ட வர்ணத்தை நீக்கி, மரத்தின் இயற்கை வரிகளை வெளிக்கொணரும் முறையை இங்கு ஆராய்வோம்.

முதற்கண் அறியவேண்டியது பழைய வர்ணத்திலுள்ள நஞ்சாகும். முற்காலத்து எண்ணெய் வர்ணங்கள் பலவற்றில் வெண்மைக்கு ஈயக் காபனேற்றும் மஞ்சளுக்கு ஈயக் குரோமேற்றும் கலந்தனர். ஈயத்தூசி சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; கருவுற்றோர்க்கும் தீங்கானது. ஆதலின் வர்ணத்தை உலர்ந்த நிலையில் அரத்தாளால் தேய்த்தலும், நெருப்பாற் சுட்டெடுத்தலும் ஆகா. வெளியே பிளாஸ்ரிக் விரிப்பின்மீது, நுண்தூசி தடுக்கும் முகக்கவசம் அணிந்து, நனைத்தே சுரண்டுதல் வேண்டும். சுரண்டிய கழிவை வளவிற் கொட்டலாகாது. எமது நிலம் சுண்ணக்கற்பாறை. அதன் வெடிப்புகளினூடாக மேற்பரப்பு மாசு கிணற்றுநீரை எளிதில் அடையும்.

அடுத்து, மறைவான ஓரிடத்திற் சிறிது மெதிலேற்றெட் ஸ்பிரிட்டைத் தடவிப் பார்க்க. பூச்சு இளகி ஒட்டுமாயின் அது அரக்குப் பொலிஷ், ஸ்பிரிட்டாலேயே துடைத்தெடுக்கலாம். இளகாத வர்ணத்திற்கு வர்ணநீக்கியைத் தடிப்பாகப் பூசி, சுருங்கி எழும்வரை பொறுத்து, மழுங்கிய தகட்டால் மரவரியின் வழியே வழித்தெடுக்க. இருகுளோரோமெதேன் கலந்த நீக்கியை வாங்கற்க. அதன் ஆவியால் உயிரிழப்புகள் நேர்ந்தமையால், வீட்டுப் பாவனைக்கு அதனை விற்றலை அமெரிக்கா 2019 இல் தடைசெய்தது. எரிசோடா மலிவானதெனினும் தேக்கைக் கறுக்கச் செய்யும்; பசைமூட்டுகளையும் தளர்த்தும்.

பின்னர் ஈரத்துணியாற் பலமுறை துடைத்து, நிழலிற் சில நாள் உலரவிடுக. வர்ணம் முற்றாக நீங்கியதை உறுதிசெய்த பின்னரே 120, 180, 220 இலக்க அரத்தாள்களால் முறையே, மரவரியின் வழியே, தேய்த்தல் தகும். வர்ணம் எஞ்சிய இடங்களை நீர்தாங்கும் அரத்தாளால் நனைத்தே தேய்க்க.

இறுதியாக, அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டிற் கரைத்து, துணியாற் பொதிந்த பஞ்சினால் மெல்லிய படைகளாகப் பலமுறை இடுக. நீர் பட்டால் அரக்கு வெளிறுமாதலின் உணவுமேசைக்கு வார்னிஷே ஏற்றது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே தீப்பற்றக்கூடும்; நீரில் அமிழ்த்துக.

வர்ணம் களைதல் முதியோர்க்கே உரிய பணி. பொலிஷ் இடுதலையோ மாணவரும் பெரியோரின் மேற்பார்வையிற் பயிலலாம். பாட்டனார் அமர்ந்த கதிரையைப் பேரன் தன் கையாற் பொலிவுறச் செய்வானாயின், அப்பொருள் இன்னுமொரு தலைமுறைக்கு நிலைக்கும்.