ஆங்கிலம் படிப்போம்: 'டேக் ஓவர்'

'டேக்' என்றால் எடு, 'ஓவர்' என்றால் மேலே. அதற்காக 'மேலே எடு' என்று கொப்பியில் எழுதிவிடாதீர்கள் பிள்ளைகளே! இரண்டும் சேர்ந்தால், இன்னொருவர் கையில் இருந்த பொறுப்பையோ அதிகாரத்தையோ தன் கையில் எடுப்பது.

பெக்டரியில் இரவு வேலைக்கு வருகிறவர் பகல் ஆளிடம் மெஷினைப் பொறுப்பேற்கிறார் அல்லவா, அது டேக் ஓவர். நடந்து முடிந்ததென்றால் 'டுக் ஓவர்'. கவனிப்பாரில்லாத மலையில் புல் மண்டினாலும் இதே சொல்தான்: "வீட்ஸ் ஹேவ் டேக்கன் ஓவர்." திருப்பிப் போட்டு 'ஓவர்டேக்' என்றால் வேறு. அது ஹட்டன் ரோட்டில் பஸ்காரர் வளைவிலே செய்யும் வேலை.

நம்ம தாத்தா பாட்டி கண்ட டேக் ஓவர் பெரியது. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டத்தில் தனியாருடைய காணிகளையும், 1975 திருத்தத்தில் கம்பனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்தது. சில தோட்டங்களில் நம்மவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. காணியின் உரிமை அரசிடமே இருந்தது. ஆக, டேக் ஓவர் என்று கேட்டால் எதை என்றும் கேட்க வேண்டும்.

திருகோணமலைப் பக்கம், கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கிற சம்பூரைப் பாருங்கள். 2006இல் யுத்தத்தால் சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். காணி முதலில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது, பிறகு 818 ஏக்கர் முதலீட்டு வலயமானது. "தி லேண்ட் வாஸ் டேக்கன் ஓவர்." எடுத்தது யார் என்று இந்த வசனத்தில் இல்லை, கவனித்தீர்களா? 'வாஸ்' போட்டு எழுதினால் ஆளை மறைக்கலாம். 2015இல் அந்த வர்த்தமானி இரத்தானது. 2016இல் கடற்படை முகாம் இருந்த காணியும் விடப்பட்டது. அதற்குச் சொல் 'கிவ் பேக்', திருப்பிக் கொடுத்தல். 'ஹேண்ட் ஓவர்' என்றால் ஒப்படைத்தல் மட்டும்; வாங்குகிறவர் பழைய சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை.

பிரட்டுக்களத்தில் இங்கிலீஷ் நோட்டீஸ் ஒட்டினால் இரண்டு இடத்தைத் தேடுங்கள். "வித் இபெக்ட் ப்ரம்" என்பதற்குப் பின்னால் வருவது பொறுப்பு மாறும் திகதி. "லயபிலிட்டீஸ்" என்ற சொல் இருந்தால், பழைய கடன் பாக்கிகளையும் புதியவர் ஏற்கிறார். "அசெட்ஸ்" என்று மட்டும் இருந்தால் சொத்தைப் பற்றித்தான் பேச்சு. அப்போது பழைய ஈ.பி.எப். பாக்கியை யார் கட்டுவது, நம்ம சேவைக்காலம் தொடருமா என்று தலைவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சி. தமிழில் எழுதுக:
"ஹூ வில் டேக் ஓவர் வென் தி கங்காணி ரிட்டயர்ஸ்?"
"தே டுக் ஓவர் தி எஸ்டேட், பட் நொட் தி டெட்ஸ்."