அக்கா சார்பில் ஒரு மனு

அன்புள்ள தங்கைக்கு,

கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட உன் அக்கா, கோர்ட் படி ஏறவே மாட்டேன் என்கிறாள். குழந்தையின் ஜீவனாம்சத்துக்கு அவளுக்குப் பதிலாக நான் மனுப் போடலாமா என்று கேட்டிருந்தாய்.

போடலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், 12-ஆம் பிரிவில் இதற்கு வழி விட்டிருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணோ, பாதுகாப்பு அலுவலரோ, அவள் சார்பில் வேறு எவருமோ மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம். அடித்தால்தான் வன்முறை என்று நினைக்காதே. குடும்பச் செலவுக்குப் பணம் தராமல் தவிக்கவிடுவதும் அந்தச் சட்டத்தில் பொருளாதார வன்முறைதான். குழந்தைக்கும் சேர்த்தே ஜீவனாம்சம் கேட்கலாம். அவள் இப்போது தங்கியிருக்கும் உங்கள் ஊர்க் கோர்ட்டே போதும், அவள் கணவர் ஊருக்கு அலைய வேண்டாம்.

பாதுகாப்பு அலுவலரை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பார். வக்கீல் ஃபீஸை நினைத்துத் தயங்காதே. சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். 15100 எண்ணிலும் கேட்கலாம்.

ஆனாலும் அக்காவிடம் சொல்லாமல் போட்டுவிடாதே. மனு உன் கையால் போனாலும், நடந்ததைக் கோர்ட்டில் சொல்ல வேண்டியவள் அவள். 2020-இல் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் சொன்னபடி, இரு தரப்பும் வரவு செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அவளுடையதை அவள்தான் படித்துக் கையெழுத்திட வேண்டும். வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போட விடாதே, நம் வக்கீலே கேட்டாலும்தான். வருமானமே இல்லை என்று கணவர் சாதிக்கக்கூடும். எங்கே வேலை, என்ன வண்டி, சம்பளம் எந்த பேங்கில் விழுகிறது என்று அக்காவுக்குத் தெரிந்ததையெல்லாம் இப்போதே எழுதி வை.

பெரியவர்கள் உட்கார்ந்து, "ஒரு தொகையை வாங்கிக்கொண்டு இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடு" என்பார்கள். ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை. தாய் எழுதிக் கொடுத்தாலும் அது அற்றுப்போகாது. கூச்சப்படும் அக்காவுக்கு இதை முதலில் சொல்: கேட்பது தனக்காக அல்ல, பிள்ளைக்காக.

ஜீவனாம்சத்துக்கு மனுப் போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு என்று அதே ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்பு சொல்கிறது. அதனால் மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பத்திரிகை, ஆதார் நகல்களை எடுத்து வை. அவள் சரி என்றதும் எழுது, மனுவை நானும் ஒருமுறை படித்துத் தருகிறேன்.

அன்புடன்.