சைக்கிள் வாங்கும் முன் காலை அளப்போம்



சரக்குக் கொள்முதல், வரிக் கணக்கு, கடன் வசூல் என்று இந்தப் பக்கங்களில் நாம் பேசாத பொருள் குறைவு. இந்த முறை கடை வாசலில் சாய்ந்து நிற்கும் சைக்கிளைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறோம். இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நாமும் 2018ஆம் ஆண்டு வரை அப்படித்தான் நினைத்திருந்தோம்.

மொபெட்டும் மூன்று சக்கர வண்டியும் வந்துவிட்ட பிறகும், நாலு தெரு சுற்றளவில் சரக்கு கொடுத்துவர சைக்கிளை வைத்திருக்கும் மளிகைக் கடைகள் இன்றும் உண்டு. பெட்ரோல் செலவில்லை, சந்துக்குள் நுழையும், நிறுத்த இடம் தேட வேண்டாம். அப்படிப்பட்ட சைக்கிளை வாங்கும்போது விலை கேட்கிறோம், கம்பெனி கேட்கிறோம், கேரியர் தாங்குமா என்று அழுத்திப் பார்க்கிறோம். ஓட்டப் போகிறவரின் காலுக்கு அது பொருந்துமா என்று மட்டும் பார்ப்பதில்லை. அந்தத் தவறை நாமே செய்தோம். அதைச் சொல்லிவிட்டு அளவுக்கு வருகிறோம்.

நமது கடையில் நடந்தது

2018ல் நமது கடைக்குப் புதிதாக ஒரு சைக்கிள் தேவைப்பட்டது. மூட்டை ஏற்ற வேண்டியதாயிற்றே, பெரிதாக இருந்தால்தான் உறுதி என்ற நினைப்பில் 24 அங்குல பிரேம், டபுள் பார் வண்டியாகப் பார்த்து வாங்கினோம். கடை வாசலில் நிறுத்தியபோது பார்க்கவும் கம்பீரமாகத்தான் இருந்தது. அதை ஓட்ட வேண்டியவன் 19 வயதுப் பையன், உயரம் ஐந்தேகால் அடி. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் அந்தரத்தில் நின்றன. நிறுத்தும்போதெல்லாம் ஏதாவது ஒரு திண்ணையையோ நடைமேடைக் கல்லையோ தேடிப்போய்க் காலை ஊன்றுவான். அவனுடைய தாயார் கடைக்கு வந்தபோது, "அண்ணாச்சி, இந்த வண்டி அவனுக்குக் கால் எட்டலையே" என்றார். "ஓட்ட ஓட்டப் பழகிடும்மா" என்று சொல்லி அனுப்பினோம்.

மூன்றாவது வாரம், பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்ட ஒரு தெருவில், 25 கிலோ அரிசிச் சிப்பத்துடன் போனவன் எதிரே வந்த ஆட்டோவுக்காக நிறுத்தினான். ஊன்ற அங்கே திண்ணை இல்லை, கல்லும் இல்லை. கால் தரையைத் தொடுவதற்குள் வண்டி சாய்ந்தது. சாய்ந்த வண்டியைச் சிப்பம் இழுத்துக்கொண்டு போயிற்று. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. வைத்தியச் செலவையும் சம்பளத்தையும் கொடுத்தோம். ஆனால் அந்தத் தாயார் மருத்துவமனையில் நம்மைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு நம்மிடம் பதில் இல்லை.

அதன் பிறகுதான் டேப்பை எடுத்தோம். அந்த வண்டியின் பார் தரையிலிருந்து 35 அங்குலம். பையனின் கால் உள்ளளவு இருபத்தொன்பதரை அங்குலம். வித்தியாசம் ஐந்தரை அங்குலம். தராசில் பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற நமக்கு இது கண்ணில் படவில்லை. விற்றவரைக் குறை சொல்ல மாட்டோம். 24 கேட்டது நாம்தான்.

சக்கர அளவு வேறு, பிரேம் அளவு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டயரின் பக்கவாட்டில் 28 என்றோ 26 என்றோ இருப்பது சக்கரத்தின் அளவு. இப்போதைய மாடல்களில் 26டி என்று எழுதியிருப்பதும் சக்கரத்தையே குறிக்கும். பிரேம் அளவு என்பது, பெடல் கட்டை சுழலும் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட் குழாய் வழியாக, சீட் பில்லர் உள்ளே இறங்கும் வாய் வரை உள்ள நீளம். நமது பழைய மாதிரி ரோட்ஸ்டர் வண்டிகளில் இது 20, 22, 24 அங்குலம் என்று வரும். எனவே "26 சைக்கிள்" என்று கேட்டு வாங்கினால் சக்கரம் மட்டும்தான் முடிவாகியிருக்கிறது. பிரேம் இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

28 அங்குலச் சக்கரமுள்ள ரோட்ஸ்டரில், 22 அங்குல பிரேமின் பார் தரையிலிருந்து ஏறக்குறைய 33 அங்குல உயரத்தில் இருக்கும். 24 அங்குல பிரேமில் ஏறக்குறைய 35. 20 அங்குல பிரேமில் சக்கரத்தைப் பொறுத்து 30 அல்லது 31. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால், வாங்கப் போகும் வண்டியை நீங்களே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

காலை அளப்பது எப்படி?

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கடையில் இருக்கும் பேரேடு போதும்.

1. ஓட்டப் போகிறவர் செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்ட நிற்கட்டும். இரண்டு பாதத்துக்கும் இடையே ஒரு சாண் அளவுக்குக் குறைவாக இடைவெளி இருக்கட்டும்.

2. பேரேட்டின் முதுகுப் பக்கம் மேலே பார்க்க, அதைக் கால்களுக்கிடையே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் படுகிற அளவுக்கு அவரே அழுத்தமாக மேலே தூக்கிப் பிடிக்கட்டும்.

3. பேரேட்டின் மேல் விளிம்பு சுவரில் படும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து கோடு வரை உள்ளதே கால் உள்ளளவு. இரண்டு தடவை அளந்து பார்ப்பது நல்லது.

பேண்ட் அளவைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டாம். தையல்காரர் எடுக்கும் அளவு துணிக்காக எடுப்பது. அது குறைவாக வரும். ஆள் உயரத்தை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்வதும் சரிப்படாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு உடம்பு நீளமாகவும் இருக்கும்.

எவ்வளவு இடைவெளி வேண்டும்?

சீட்டை விட்டு இறங்கி, பாருக்கு இருபுறமும் காலை ஊன்றி நின்றால், பாருக்கும் உடம்புக்கும் நடுவில் குறைந்தது ஓர் அங்குலம் இருக்க வேண்டும். இது சாதாரணமாகச் சாலையில் ஓட்டுபவருக்கு. மேடு பள்ளத்தில் ஓட்டுபவருக்கும், அடிக்கடி ஏறி இறங்குபவருக்கும் இரண்டு அங்குலம் இருப்பது நல்லது.

ஐரோப்பாவில், குறிப்பாக பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும், குளிர்காலத்தில் சைக்ளோகிராஸ் என்று ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கிறது. 1950ல் பாரிஸில் இதற்கு முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. சேறு, மணல், புல்மேடு வழியாகப் பாதை போகும். நடுவில் 40 செ.மீ. வரை உயரமுள்ள பலகைத் தடைகளும் உண்டு. ஓட்டுபவர் குதித்து இறங்கி, வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, மறுபடி தாவி ஏறுவார். ஒரு மணி நேரத்துக்குள் இதைப் பலமுறை செய்ய வேண்டியிருப்பதால், சாலைப் பந்தயத்துக்கு எடுப்பதைவிடச் சற்றே சிறிய பிரேமை எடுப்பது அவர்களில் பலரின் வழக்கம். ஏறி இறங்குவது அதிகமானால் பார் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கண்ட கணக்கு.

நமது கடைப் பையன் ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்குகிறான் என்று எண்ணிப் பாருங்கள். பந்தய வீரராவது காலைப் பின்பக்கமாகச் சுழற்றித் தாவி ஏறலாம். கேரியரில் சிப்பம் ஏற்றிய பிறகு நமது பையனுக்குப் பின்பக்க வழி அடைபட்டுவிடுகிறது. காலை மடக்கி, பாருக்கு மேலே முன்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். கைலி கட்டியிருந்தால் இன்னும் சிரமம். ஆகவே சுமை வண்டிக்குப் பெரிய பிரேம் வேண்டும் என்ற எண்ணம் தலைகீழானது. சுமை ஏற ஏற, ஓட்டுபவரின் கால் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும்.

எந்தக் காலுக்கு எந்த பிரேம்?

பந்தய சைக்கிளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கால் உள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு பிரேம் அளவு என்பார்கள். 30 அங்குலக் காலுக்கு 20, 33க்கு 22, 36க்கு 24. ஆனால் நமது ரோட்ஸ்டரின் சக்கரம் பெரியது, கிராங்க் அச்சும் சற்று உயரத்தில் இருக்கிறது. அதனால் அதே பிரேம் எண்ணுக்குப் பார் இன்னும் மேலே நிற்கும். இந்தக் கணக்கை மேல் எல்லையாக வைத்துக்கொண்டு, பார் உயரத்தை அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

கால் உள்ளளவு 31 அங்குலத்துக்குக் குறைவு: பார் இல்லாத மாடல், அதாவது பெண்கள் சைக்கிள் என்று நாம் ஒதுக்கி வைக்கும் வண்டி, அல்லது பார் சரிவாக இறங்கும் சிறிய பிரேம்.

31 முதல் 33 வரை: 20 அங்குல பிரேம்.

34, 35: 22 அங்குல பிரேம்.

36க்கு மேல்: 24 அங்குல பிரேம்.

நம்மவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு வரிசையில்தான் வருவார்கள். ஆனால் நாம் வாங்குவதோ கடைசி இரண்டு வரிசை. குரங்கு பெடல் போட்டுப் பெரிய வண்டியில் பழகிய தலைமுறை நாம் என்பதால், எட்டாத வண்டியை எட்டி ஓட்டுவதை ஒரு திறமையாகவே நினைத்துவிட்டோம். பார் இல்லாத வண்டி ஆண்களுக்குக் கௌரவக் குறைவு என்று பையன்களும் தயங்குவார்கள். கடை முதலாளி நாலு நாள் அதில் போய்வந்தால் தயக்கம் தீர்ந்துவிடும். நாம் அப்படித்தான் செய்தோம்.

மிகச் சிறியதும் ஆகாது

சிறியதுதான் பத்திரம் என்று அளவுக்கு மீறிச் சிறிய பிரேமை வாங்கினாலும் தொல்லை உண்டு. சீட் பில்லரை எல்லைக் கோட்டுக்கு மேலே இழுத்தால் பில்லர் வளையும், பிரேம் வாயும் விரிசல் விடும். சீட்டை ஏற்றாமல் ஓட்டினால் முழங்கால் மடங்கியே இருந்து வலி வரும். திரும்பும்போது முழங்கால் ஹாண்டில்பாரில் இடிக்கும்.

சீட் உயரம் சரியா என்று பார்க்க எளிய வழி இது. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் 1967ல் வெளியிட்ட ஆய்வில், கால் உள்ளளவைப் போல் 1.09 மடங்கு உயரம், அதாவது தாழ்ந்து நிற்கும் பெடலிலிருந்து சீட்டின் மேல்பாகம் வரை, மிதிப்பதற்கு ஏற்றது என்று கண்டார்கள். 30 அங்குலக் காலுக்கு இது 32.7 அங்குலம். அடிக்கடி நிறுத்தும் கடை வண்டிக்கு இதிலிருந்து ஓர் அங்குலம் இறக்கி, கால்விரல்கள் தரையில் படும்படி வைத்துக்கொள்வது நல்லது.

கைக்கும் ஒரு சோதனை உண்டு. முழங்கையைச் சீட்டின் முனையில் வைத்து முன்னே நீட்டினால், விரல் நுனி ஹாண்டில்பாரைத் தொடவோ நெருங்கவோ வேண்டும். இது கைவாக்கான அளவுதான். ஆனாலும் மிகவும் நீளமான வண்டியை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே சைக்கிள், பல பேர்

சிறு கடைகளில் ஒரே வண்டியை இரண்டு மூன்று பேர் எடுப்பார்கள். அப்போது யாருடைய காலுக்கு வாங்குவது? குள்ளமானவர் காலுக்குத்தான் வாங்க வேண்டும். நெட்டையானவருக்குச் சீட்டை ஏற்றிக்கொள்ளலாம். குள்ளமானவருக்குப் பாரை இறக்க முடியாது. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே போதும், பாதித் தவறு நீங்கிவிடும்.

வாங்கப் போகும்போது

வண்டியை ஓட்டப் போகிறவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கையில் டேப் இருக்கட்டும். தினமும் போடும் செருப்போடு அவர் பாரின் இருபுறமும் நின்று காட்டட்டும். பிறகு ஒரு சிப்பத்தையோ அதற்கு ஈடான சுமையையோ கேரியரில் கட்டி, நூறு அடி ஓட்டி, சொன்ன இடத்தில் சட்டென்று நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு பாதத்தின் முன்பகுதியும் தடுமாறாமல் தரையில் ஊன்றினால் அந்த வண்டி அவருக்கு. ஒரு பக்கம் சாய்ந்து எட்டினால் வேண்டாம். பழைய வண்டி வாங்கினாலும், மின்சார சைக்கிள் வாங்கினாலும் இதே சோதனைதான்.

இன்று நமது கடையில் இரண்டு சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று 20 அங்குலம், மற்றொன்று பார் இல்லாதது. அந்த 24ஐ ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். மணிக்கட்டு முறிந்த பையன் இப்போது நமது கிடங்கில் கணக்குப் பார்க்கிறான். மழை நாளில் கை இன்னும் வலிக்கிறது என்கிறான். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் பேரேட்டை எடுத்து முதலில் காலை அளப்பவன் அவன்தான்.