கிட்டார் இரைச்சலுக்கு ஒரு கேட்

கம்ப்யூட்டரில் கிட்டாரை இணைத்து, ஆம்ப்ளிட்யூப் போன்ற ஆம்ப் சாஃப்ட்வேரில் கெயினை முழுதாக ஏற்றினால், வாசிக்காத நேரத்திலும் "உஸ்ஸ்..." என்ற இரைச்சல் கேட்கும். ரெக்கார்டிங்கே பாழ். உடனே புது சவுண்ட் கார்டு வாங்க ஓட வேண்டாம். கெயின் உங்கள் வாசிப்புடன், பிக்கப் பிடிக்கும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது.

திரையில் ஆம்ப்புக்கு முன்னால் நாய்ஸ் கேட் பெடலை வைத்திடவும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழான ஒலியை வெளியே விடாத கதவு இது. ஆம்ப்புக்குப் பின்னால் வைத்தால்? அங்கே மெல்லிய ஒலியும் பலத்த ஒலியும் ஏறக்குறைய ஒரே அளவாகிவிடுவதால், இரைச்சலை மட்டும் பிரிப்பது கடினம். கம்பிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, த்ரெஷோல்டை -70 டெசிபலிலிருந்து மெல்ல ஏற்றவும். இரைச்சல் நின்றதும் நிறுத்திவிடவும். அதற்கு மேல் போனால் நீட்டி வாசிக்கும் சுரத்தின் வால் துண்டாகும். ரிலீஸ் நேரத்தைக் கூட்டினால் ஓரளவு சரியாகும்.

அடுத்து, கேட்டுக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ட்யூப் ஸ்க்ரீமர் வகை பூஸ்ட் பெடல். டிரைவைக் குறைத்து, லெவலைக் கூட்டவும். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பாஸை இது குறைவாகவே பெருக்கும் என்பதால், தடித்த கம்பிகளின் குழகுழப்பு போய் ஒலி கச்சிதமாகும். இனி ஆம்ப்பின் கெயினைக் குறைத்திடலாம். எனக்குப் பாதியே போதுகிறது.

சிங்கிள் காயில் கிட்டாரா? நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். ஹம் பெரிதும் குறையும், காசு செலவில்லாமல்!